முப்பத்தெட்டாவது போன்

டீச்சரை இடமாற்றியே தீர வேண்டும் என்று மீராசா ஹாஜியார் முடிவெடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்.

செருப்புக் கிடைப்பதற்குள், இடமாற்றம் கேட்கும் மகஜருக்குப் பதினொரு கையெழுத்துக் கிடைத்துவிட்டது. அஸர் தொழுகைக்கு முன் நாற்பத்து மூன்று. ஹாஜியாரின் குரல் அப்படி. அவர் கல்முனைச் சந்தையில் நின்று தும்மினால், பெரியநீலாவணையில் இடி இடிக்கிறது என்று தோணியைக் கரையேற்றிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். தரம் பத்துப் பிள்ளைகள் பலருக்குக் கணினிப் பாடம் படிக்க வீட்டில் ஒன்றுமில்லை. பாடசாலை அபிவிருத்திக் குழுச் செயலாளரான ஹாஜியார் வீடு வீடாக ஏறி, சும்மா கிடந்த பழைய போன்களைத் திரட்டினார். முப்பத்தெட்டு. முதல் போன் அவருடையதே. எல்லாவற்றுக்கும் திறப்பு எண் 0786 என்று வைக்கச் சொன்னதும் அவர்தான். முன்னாலுள்ள சைபர் போக, பிஸ்மில்லாவுக்கு ஊரார் எழுதும் எண். அல்லாஹ்வின் பறக்கத்துக்குப் பறக்கத்து, பிள்ளைகளுக்கு மறக்கவும் மறக்காது.

போன்கள் கணினிப் பாடம் எடுக்கும் சித்தி லைலா டீச்சரிடம் போயின. போனவை போனவைதான். மூன்று கிழமையாக ஒரு பிள்ளையின் கைக்கும் வரவில்லை. கேட்டால், இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்பார்.

பின்னேரத்தில் டீச்சர் கனத்த பையோடு வீட்டுக்குப் போவதைப் பலர் கண்டார்கள். பிறகு பெண்கள் ஒவ்வொருவராக அவர் வீட்டுக்குப் போய் வருவதையும் கண்டார்கள். கண்டவர்கள் சும்மா இருப்பார்களா? டீச்சர் போன் விற்கிறார் என்றார் ஒருவர். பொத்துவிலில் டீச்சரின் தம்பி அவற்றைச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறான் என்றார் இன்னொருவர். டீச்சருக்குத் தம்பியே இல்லை என்பது யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை பாடசாலை அதிபர் முர்ஷித் குழுவைக் கூட்டினார். மகஜர் மேசைக்கு வந்தது. டீச்சர் மறுபேச்சில்லாமல் அலுமாரியைத் திறந்தார்.

போன்கள் துடைத்து, இலக்கம் ஒட்டி, வரிசையாக இருந்தன. தந்தவர் பெயர் எதிலும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு திறப்பு எண். பாடத்துக்குத் தேவையானதைத் தவிர வேறெதுவும் திறக்காது. கல்வி அமைச்சின் சுற்றுநிருபத்தில் சொன்னபடி தன் கண்முன்னால் மட்டும் பாவிக்க விடுவதாகவும், திங்கட்கிழமையே தொடங்கலாம் என்றும் டீச்சர் சொன்னார்.

அதிபரின் முகம் மலர்ந்தது. ஹாஜியார் எழும்பிப் போய் எண்ணினார். பிறகு மறுபடியும் எண்ணினார்.

"முப்பத்தேழு. மற்றது எங்க டீச்சர்?"



"அது இல்ல ஹாஜியார்."

"இல்ல எண்டா? கால் முளைச்சிக் கடலுக்குப் போயிட்டா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"அத மட்டும் கேக்காதீங்க. என்ட பொறுப்பு எண்டு எழுதிக்கொள்ளுங்க."

அப்படிச் சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து தன் சொந்தப் போனை எடுத்தார். சிம்மைக் கழற்றினார். வெறுமையாகக் கிடந்த இடத்தில் அதை வைத்து, அலுமாரியைப் பூட்டி, சாவியை அதிபரிடம் கொடுத்தார்.

இதைவிட ஒரு ஒப்புதல் வேண்டுமா? மகஜரைத் திங்கட்கிழமை கல்வி அலுவலகத்துக்குத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி, ஹாஜியார் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருடைய கால் நிலத்தில் படவில்லை.

பகல் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, மனைவி ஸுஹைறாவுக்கு முழுக்கதையையும் நடித்தே காட்டினார். டீச்சர் முழித்த முழி வரைக்கும்.

மகள் அஸ்பியா கறி அகப்பையை வைத்துவிட்டு அறைக்குள் போனாள். துவாயில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து வாப்பாவின் முன்னால் வைத்தாள்.

அவருடைய பழைய போன்.

"இது எப்படி உன்னட்ட வந்த?"

"டீச்சர்தான் தந்தா வாப்பா. என்ட கலியாணத்தண்டு உம்மா உங்கட போனைத்தானே பொம்புளைகள்ற பக்கம் கொண்டுபோய்ப் படம் எடுத்த. முக்காடில்லாத படமெல்லாம் அப்படியே கிடந்திரிக்கி. ஊர்ல முக்காவாசிப் போன்லயும் இப்படித்தானாம். வகுப்புப் பொடியன்மார்ர கைக்குப் போறதுக்கு முன்னால, அந்தந்தப் பொம்புளையக் கூப்பிட்டு, அவங்கட கையாலயே அழிக்க வெச்சிரிக்கா."

ஹாஜியாரின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"என்ட போன் கடல்ல விழுந்த பொறகு, எனக்கு வேற கலியாணப் படமில்ல வாப்பா. அழிக்க மனம் வராம அழுதன். நீயே வெச்சிக்க, எண்ணிக்கைய நான் பாத்துக்கொள்றன் எண்டு தந்திட்டா."

சட்டைப் பையிலிருந்து மகஜர் வெளியே வந்தது. நாற்பத்து மூன்று கையெழுத்தும் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் நாலாகக் கிழிந்து கிடந்தன.

"கூட்டத்தில ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றார் ஹாஜியார். அந்தக் குரல் அடுப்படி வரைக்கும்கூடக் கேட்கவில்லை.

அஸ்பியா தயங்கினாள்.

"மகஜர் கதை கேட்டு நேத்தே நானும் கேட்டன் வாப்பா. படம் கிடந்தத வெளிய சொன்னா, ஆர்ர போன்ல எண்டு ஊர் கேக்குமாம். பொறகு, எந்தப் பொடியனும் எந்தப் போனையும் திறக்கிற மாதிரி எல்லாத்துக்கும் ஒரே எண் வைக்கச் சொன்ன ஆரு எண்டும் கேக்குமாம். வாப்பாக்குத் தெரியவே வேணாம், ஹாஜியார் தலையக் குனிஞ்சிட்டா நம்மட பிள்ளைகளுக்காக வீடு வீடா ஏறுறதுக்கு ஆரு இருக்கா எண்டு டீச்சர் சொன்னா."