நடுவர் எழுதிய குறிப்பு

சேவல் கண்காட்சியில் பரிசு அறிவித்ததும் பின்வாசல் வழியாக நழுவிவிடுவதுதான் நடுவரின் வழக்கம். கொண்டையில் ஒரு பல் கூடுதல், காது மடலில் ஒரு புள்ளி என்று மதிப்பெண்ணைக் குறைத்தால் வளர்த்தவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

இன்று ஒரு பெண்மணி வழிமறித்தார். கையில் போன வருட மதிப்பெண் சீட்டு.

"இது நீங்க எழுதினதுதானே?"

இறகு, கால், வால் என்று மதிப்பெண்கள். அடியில் அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'முகம் வெளுப்பு. மூச்சு இரைப்பு. நிற்கையில் தள்ளாட்டம். உடனே மருத்துவரிடம் காட்டவும்.'

"ஆமாம்மா. இருந்ததைத்தான் எழுதினேன்," என்று ஓரடி பின்வாங்கினார் நடுவர்.

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். கூடவே இருந்தும் என் கண்ணுல படலை. அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடினோம். உடம்புல பாதி ரத்தம்தான் இருக்குன்னார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா உயிர் தங்கியிருக்காதாம்."

நடுவருக்கு இருபது வருஷத்தில் இதுதான் முதல் நன்றி.

"இப்ப தேவலையா?"

"நல்லா சாப்பிடறார். நல்லா தூங்கறார்."

சேவலுக்கு இவ்வளவு மரியாதையா என்று நடுவர் விழிக்கும்போதே, பின்னால் நின்ற கணவர் முன்னே வந்து நடுவரின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"சேவலைப் பிடிச்சுக்கிட்டு நின்ன என்னையும் கவனிச்சு எழுதினீங்களே, ஐயா."

நடுவர் மெல்லக் கேட்டார். "அந்தச் சேவல்?"

"அது மறுவாரமே போயிடுச்சு, பாவம்," என்றார் பெண்மணி. "அதையும் நீங்க ஒரு பார்வை பாத்துச் சொல்லியிருக்கலாம்."