மரவள்ளிக் கொல்லையில் கறுப்புக் கல்

1981ஆம் ஆண்டு மார்ச் மாதம், மலேசியாவில் செமோருக்கு அருகில் இருந்த ஒரு ரப்பர் தோட்டம் வீடமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. தொழிலாளர் லயத்தில் இருந்தவர்கள் தீபாவளிக்குள் வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது.

ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, முத்தம்மா லயத்தின் பின்புறம் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் பிச்சைமுத்து, அரசாங்க ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரியை அவளுடைய மரவள்ளிக் கொல்லைக்குள் அழைத்துப் போனான்.

போகிற போக்கில், நன்றாக வளர்ந்து நின்ற செடியை மிதித்துவிட்டுப் போனான்.

எல்லாம் நோட்டீஸ் வந்த கையோடு லயத்துச் சனம் பஸ் பிடித்துப் போன கோயில் பயணத்தால் வந்த வினை. திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸை ஓர் அருங்காட்சியகத்தின் வாசலில் நிறுத்தினார்கள். மற்றவர்கள் யானை எலும்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். பிச்சைமுத்து மட்டும் ஒரு கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை.

உள்ளே கறுப்பாகப் பளபளக்கும் கல் கத்திகள். எரிமலை கக்கிய கண்ணாடியாம். ஆதி மனிதர்கள் வெட்டியெடுத்துச் செதுக்கினார்களாம். ஏதோ தூர தேசத்தில் அவர்கள் அதைத் தோண்டிய மலையின் படமும் பக்கத்தில் மாட்டியிருந்தது.

“பாத்தியா முத்தம்மா? இந்தக் கல்லு கெடைச்ச எடத்துல எந்தக் கொம்பனும் கை வைக்க முடியாது. கவர்மெண்டே காவல் காக்குது லா.”

அன்றோடு போயிற்று அவள் நிம்மதி. செமோர் கடைகளின் பின்புறத்தில் கிடந்த கறுப்பு ஸ்டவுட் பீர் போத்தல்களைச் சாக்கில் அள்ளி வந்தான். சுத்தியலை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அந்தக் கல் கத்தி மாதிரியே சில்லுசில்லாகத் தட்டினான். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்காக அவள் கூட்டிக்கொண்டே இருந்தாள். கூட்டி முடிப்பதற்குள் அடுத்த போத்தல் உடைந்தது. அவன் விரலெல்லாம் துணிக்கட்டு. பிறகு கொல்லையில் நெஞ்சளவு குழி தோண்டி, சில்லுகளைப் புதைத்தான். ஆழமாகப் புதைத்தால்தான் பழசாகத் தெரியுமாம். அதற்கப்புறம் கொல்லையில் கறுப்புக் கல் கிடைத்ததென்று ஈப்போ அருங்காட்சியக இலாகாவுக்கு நடையாய் நடந்தான். அவன் தொல்லை தாங்காமல்தான் இலாகாவில் இந்த மனிதரை அனுப்பியிருந்தார்கள்.

அதிகாரியின் பெயர் அருளம்பலம். யாழ்ப்பாணத்து ஆள். குழிக்குள் இறங்கிக் கிளறி, ஒரு சில்லை எடுத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“இது ஸ்டவுட் போத்தல் எல்லோ! அடியில எழுத்துக்கூட அழியேல்லை.”

வேடிக்கை பார்த்த லயத்துச் சனம் சிரித்தது. “சார், நல்லாப் பாருங்க, உள்ள மிச்சம் மீதி இருக்கப் போவுது!” என்று கத்தினான் பக்கத்து வீட்டுச் சன்னாசி.

“போதுமா? வீட்டக் காப்பாத்துறேன்னு ஊரையே சிரிக்க வச்சிட்டீங்க” என்றாள் முத்தம்மா.

“வேற என்னா செய்யச் சொல்ற?” என்றான் பிச்சைமுத்து, துணி சுற்றிய விரல்களைப் பார்த்தபடி.

முத்தம்மா மிதிபட்ட செடியை நிமிர்த்தப் போனாள். அது நிற்காமல் சாய்ந்ததும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அருளம்பலம் மேலே ஏறும்போது, குழியிலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேட்டில் கால் வழுக்கினார். ஊன்றிய கையில் ஏதோ தட்டுப்பட்டது. ஆற்றங்கரையில் கிடக்கிற மாதிரி ஒரு கூழாங்கல், உள்ளங்கை அகலம். கைக்குட்டையால் துடைத்தார். ஒரு பக்கம் மட்டும், ஆதி மனிதர் கைவேலை போல, வரிசையாகச் செதுக்கப்பட்டிருந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே மண்ணை விலக்கி இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று.

சிரிப்பு நின்றுவிட்டது.

“இந்த மண் எவ்வளவு ஆழத்தில இருந்து வந்தது?”

பிச்சைமுத்து தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

“ஒருத்தரும் இனிக் கிட்ட வரக்கூடாது” என்ற அருளம்பலம், கயிறு எடுத்து வரச் சொல்லி டிரைவரைக் கூப்பிட்டார். பிச்சைமுத்து மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தாள் அவள்.

அகழாய்வு நடக்கும் நிலத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது என்று அடுத்த வாரம் இலாகாவின் உத்தரவு வந்தது. வீடமைப்பு நிறுவனத்துக்குத் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் மாற்று நிலம் ஒதுக்கப்பட்டது. லயத்துக் குடும்பங்கள் தீபாவளி வரை காத்திருக்கவில்லை. ஜூலைக் கடைசியிலேயே ஜெலாப்பாங்கில் வாடகை வீடுகளுக்குப் போயின.