ஹேமா டீச்சர் சாய்வு

"என் பொண்ணு மட்டும் என்ன தப்பு பண்ணினா டீச்சரே? அவளை எதுக்கு வெளியில நிறுத்துனீங்க?"

ஷீபா போட்ட சத்தத்துல ஒன்பதாம் கிளாஸ் 'பி' பிரிவே கப்சிப். இன்னிக்கு அது வகுப்பு இல்ல, மேக்கப் ரூம். பள்ளிப் பிள்ளைங்களுக்கான கலைவிழா, மாவட்டக் கலோத்சவம்; அதுல மோகினியாட்டப் போட்டி. மை தீட்டிக்கிட்டிருந்த பிள்ளைங்க எல்லாம் ஒத்தைக் கண்ணு மையோட திரும்பிப் பார்த்தாங்க.

ஹேமா டீச்சர் நிமிரல. தீர்த்தாவோட கொண்டையைச் சுத்தி முல்லைப்பூவை ஊசி குத்திக்கிட்டே இருந்தாங்க.

"மத்த பத்துப் பேருக்கும் நீங்களே ஆடிக் காட்டுனீங்க. என் பொண்ணுக்கு மட்டும், அபிநயம்னு வந்துட்டா, 'தீர்த்தா, வெளியில போ, கதவைச் சாத்திக்கோ'!" ஷீபா டீச்சரோட குரலை அப்படியே மூக்கால இழுத்துக் காட்டினா. "ஒரு வருஷமா அவ கத்துக்கிட்டது, உங்க வீட்டு வாசல்ல எத்தனை ஜோடி செருப்பு கிடக்குங்கறதைத்தான்!"

"அடவுல ஏதாவது குறை வெச்சேனா?"

அதுல ஒண்ணும் சொல்ல முடியாது. அரைமண்டியில உட்கார வெச்சு, தொடை நடுங்க நடுங்க, விரல் ஒரு நெல்லளவு விலகினாலும் மறுபடி முதல்லேருந்துன்னு பிழிஞ்சு எடுத்துட்டாங்க. கால், கை, கண்ணு எல்லாம் சுத்தம்.

ஆனா அந்தச் சாய்வு?

கண்ணன் வர்ற காலடிச் சத்தத்துக்கு நாயகி காத்திருக்கிற இடம். அங்க ஹேமா டீச்சர் முகத்தை வலப்பக்கம் திருப்பி, தாடையைத் தோள்கிட்டக் கொண்டுபோய் ஒரு சாய்வு சாய்ப்பாங்க பாருங்க! ஜில்லா பூரா அதுக்குப் பேரே 'ஹேமா டீச்சர் சாய்வு'. அவங்க பிள்ளைங்க பத்துப் பேரும் அச்சு மாறாம சாய்ப்பாங்க. தீர்த்தா ஒருத்திக்குத்தான் அது வராது.

"விடு ஷீபா," எதிர் பெஞ்சுலேருந்து அஜிதா. அவ பொண்ணும் டீச்சர்கிட்டதான் படிக்கிறா, வேற ஸ்கூலுக்காக ஆடறா. "என் மோளுக்கு ரெண்டே வாரத்துல வந்துடுச்சு. சில பேருக்குக் கழுத்து வளையாது. என்ன செய்ய முடியும்?"

ஷீபாவுக்கு உச்சந்தலையில மிளகாய் அரைச்ச மாதிரி இருந்துச்சு. முதல் இடம் வந்தாதான் மாநில மேடை. இல்லைன்னா தீர்த்தா இன்னியோட சலங்கையைக் கழட்டிடணும். அடுத்த வருஷம் பத்தாம் கிளாஸ், இனிமே புஸ்தகம்தான்னு அவ அப்பா ஒரே பேச்சா சொல்லிட்டார்.

"செஸ்ட் நம்பர் ஆறு மேடையில. ஏழு தயாரா இருக்கவும்," மைக் கத்துச்சு.

ஏழு, தீர்த்தா.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு டீச்சரே. இப்பவாவது காட்டிக் குடுங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

"காட்ட மாட்டேன்."

"அப்ப நானே காட்டறேன்!" ஷீபா மகளை மூலைக்கு இழுத்துக்கிட்டுப் போனா. "இப்படித் திருப்பு... தாடை தோளுக்கு... ஆ!"

தையல் மெஷின்ல குனிஞ்சே பழகின ஷீபாவோட கழுத்து. பாதி வழியில சுளுக்கிக்கிச்சு.

"அம்மா, அந்த இடத்துல எனக்கு வேற மாதிரி தோணுதும்மா," தீர்த்தா கெஞ்சினா.

"உனக்குத் தோணுறதுக்கா மார்க் போடுவாங்க?"

டீச்சர் மூலைக்கே வந்துட்டாங்க. "தீர்த்தா, இங்க பாரு. கழுத்து மட்டும் சாய்ஞ்சுது, நடு மேடைக்கு வந்து பாட்டை நிறுத்திடுவேன்."

மேக்கப்காரர் கையிலேருந்து பவுடர் டப்பா நழுவி விழுந்துச்சு.

"ஓஹோ!" ஷீபா கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே கத்தினா. "போன வருஷம் சேர்ந்தவ, உங்க பழைய பிள்ளைங்களை முந்திடுவாளோன்னு பயம்! நாளைக்கு ஊர் பூரா சொல்றேன். அப்புறம் யாருக்கு வகுப்பு எடுக்கறீங்கன்னு பார்க்கறேன்!"

டீச்சர் பிள்ளையோட நெத்தியை ஒரு தரம் தொட்டு மேடைக்கு அனுப்பினாங்க.

திரை விலகிச்சு. பக்கவாட்டுல நின்னு ஷீபா திரைக்கயித்தைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டா. கால் சுத்தம். கை சுத்தம். காத்திருக்கிற இடம் வந்துச்சு.

தீர்த்தா சாய்க்கல.

வாசலுக்கு ஓடினா. டக்குன்னு நின்னா. ஓடி வந்தது யாருக்கும் தெரியக் கூடாதேன்னு, சும்மா கூந்தலைச் சரி பண்ற மாதிரி கையைத் தூக்கினா. தூக்கின கையை இறக்க மறந்துபோய், ஆளில்லாத வழியையே பார்த்துக்கிட்டு நின்னா.

"போச்சு," ஷீபா முனகினா. "எல்லாம் போச்சு."

அரங்கத்துல ஒரு இருமல்கூட இல்ல. பாட்டு முடிஞ்சுது. ஒரு நொடி. ரெண்டு நொடி. அப்புறம், தகரக் கூரையில மழை கொட்டின மாதிரி கைதட்டல்.

ஷீபாவுக்குக் கயிறு கையிலேருந்து நழுவிச்சு. "டீச்சரே... கைதட்டறாங்க!"

பக்கத்துல நின்ன ஹேமா டீச்சர் முகத்தை வலப்பக்கம் திருப்பி, தாடையைத் தோள்கிட்டக் கொண்டுவந்தாங்க.

அதே சாய்வு. பாட்டு இல்ல, கண்ணனும் இல்ல.

"சத்தமா சொல்லு ஷீபா. எனக்கு வலது காது பன்னெண்டு வருஷமா கேட்காது. பாட்டைப் பிடிக்க இப்படித்தான் திரும்புவேன். அதையும் நடனம்னு நெனச்சு பத்துப் பிள்ளைங்க கத்துக்கிட்டாங்க. விட்டுடுங்கன்னா அவங்க அம்மாங்க விட மாட்டேங்கறாங்க."

டீச்சர் மேடைப் பக்கம் பார்த்துக்கிட்டே குரலை இறக்கினாங்க.

"இவ ஒருத்தியாவது இவளாவே ஆடட்டும்னுதான் வெளியில நிறுத்தினேன்."