பல் உரசின புண்

"இது கேன்சர் இல்லைன்னு ரெண்டு சீனியர் டாக்டருங்க சொல்லிட்டாங்க. பல் உரசின புண்ணாம். நீயும் ஒரு தடவை பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்துடு."

சதைத் துணுக்கு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடை இளம் டாக்டரின் மேசையில் வைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார் லேபின் தலைமை டாக்டர், எல்லோருக்கும் 'மேடம்'.

ஸ்லைடில் நோயாளியின் பெயர் இல்லை. மறுபார்வைக்கு வரும் எதிலும் இருக்காது. ஆளைத் தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பது மேடத்தின் சட்டம்.

மேடம், இந்த இளம் டாக்டருக்கு மாமியாரும்கூட. கேட்க வேண்டுமா! லேபே இந்த நாடகத்தை டிக்கெட் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"மத்தவங்க எழுதினா மேடம் உடனே கையெழுத்துப் போட்டுடறாங்க. நீங்க எழுதினா மட்டும் ஆயிரம் கேள்வி," என்றார் டெக்னீஷியன். "வீட்லயும் இப்படித்தானா டாக்டரம்மா?"

"வீட்ல பேச்சே இல்லண்ணே. கொஞ்ச நாளா சாப்பிட உட்கார்ந்தாக்கூட வாயைத் திறக்கிறதில்லை. என் மேல என்ன கோபமோ!"

மருமகள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள்.

நாக்கின் ஓரத்தில் எடுத்த சதை. மேலே அடுக்கடுக்காகச் செல்கள். அவற்றின் அடியில் எல்லை போட்டது போல ஒரு மெல்லிய கோடு. அதற்கு மேலே செல்கள் என்ன ஆட்டம் போட்டாலும் புற்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஓரிடத்தில் மட்டும் சில செல்கள், வேலி தாண்டிய ஆடுகள் மாதிரி கோட்டுக்குக் கீழே நின்றன.

ஸ்லைடுக்காகச் சதையைச் சாய்வாகச் சீவிவிட்டாலும் இப்படித் தெரியும். சீனியர்கள் அப்படி நினைத்துத்தான் ஒதுக்கியிருப்பார்கள்.

பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டால் வீட்டிலும் நிம்மதி, லேபிலும் நிம்மதி. ஆனால் யாரோ ஒருவரின் உயிராயிற்றே.

"அண்ணே, அந்தச் சதையைப் பதிச்சு வெச்சிருக்கிற மெழுகுக் கட்டியை உருக்கி, சதையைத் திருப்பி நிறுத்தி, நேரா சீவிக் கொடுங்க."

"மேடம் திட்டுவாங்களே!"

"திட்டட்டும். எனக்கென்ன புதுசா?"

மறுநாள் புது ஸ்லைடோடு மாமியாரின் அறைக்குள் போனாள்.

"நேரா சீவினதுலயும் கோடு உடைஞ்சிருக்கு மேடம். கேன்சர்தான். ரொம்ப ஆரம்பம்."

"அப்ப அவங்க ரெண்டு பேரும் முட்டாளா?"

"அவங்களுக்குக் கிடைச்சது சாய்வா சீவினது. அவங்க மேல தப்பில்லை."

"நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா, ஒருத்தர் நாக்குல அநியாயமா கத்தி வைக்கணும். தெரியுமில்ல?"

அவள் புது ஸ்லைடை மாமியாரின் மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள்.

"தெரியும் மேடம். இப்ப வெட்டினா சின்னத் துண்டோட போயிடும். விட்டா ஆளே போயிடுவாங்க. என் பேர்லயே கையெழுத்துப் போடறேன்."

மாமியார் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்ததும், வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியனைக் கூப்பிட்டார்.

"பார்த்தீங்களாய்யா? என் மருமக!"

டெக்னீஷியன் திறந்த வாயை மூடவில்லை. மருமகளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஆனாலும் வேலை முக்கியம் அல்லவா?

"முதல்ல பேஷண்ட்கிட்ட விஷயத்தைச் சொல்லணும் மேடம். பயந்துடாம பக்குவமா சொல்லணும். யார் சொல்றது?"

"அதான் நீயே சொல்லிட்டியேம்மா," என்றார் மாமியார். "ரெண்டு பேர் இல்லைன்னு சொல்லியும் மனசு ஆறலை. என் நாக்கு விஷயத்துல உன் கண்ணைத்தான் நம்பத் தோணிச்சு."