எதிர்வீட்டு டீ

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. இன்னிக்கும் உக்காந்தாச்சு!"

வர்ஷினி கூப்பிட்டதும் கிருபாசங்கர் பால்கனிக்கு வந்தான்.

எதிர் ஃப்ளாட் பால்கனியில், இரண்டு வீட்டுக்கும் சமைக்கும் ராசாத்தாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுப் பூஜிதா அவள் கையில் டீ டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"டீ குடிச்சா உனக்கென்ன அம்மணி?"

"நம்மூட்டுல சமையலை முடிச்சுப்போட்டு நேரா அங்கதான் போறாங்க. இங்க ஒரு நாளாவது இப்படி உக்காந்து பேசியிருக்காங்களா? டீயக் குடுத்தே ஆளை வளைச்சுப் போடப் பார்க்கறா அவ!"

வர்ஷினிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ராசாத்தாளின் கைப்பக்குவம் அப்படி. எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் மாமியாரே, போன மாதம் அவள் வைத்த கறிக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த ஆளை எதிர்வீட்டுக்காரி தட்டிக்கொண்டு போவதா?

மறுநாள் காலை. ராசாத்தாள் மிளகாய் தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குள் வந்த வர்ஷினி, பாதி திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். அதற்கு நேர் எதிரே பூஜிதா வீட்டு ஜன்னல்.

படாரென்று சாத்தினாள்.

"எத்தனை தடவைங்க்கா சொல்றது? நம்மூட்டு வாசம் அங்க போகக் கூடாது. இந்த வாசத்தை மோந்துதான் அவ உங்களை வேலைக்குக் கூப்பிட்டா."

கோபத்திலும் 'ங்க' குறையவில்லை. கோயமுத்தூர்க்காரி ஆயிற்றே!

ராசாத்தாள் இருமினாள்.

"டீ என்னங்க்கா டீ, நான் காபியே போட்டுத் தாரேன். அப்படி என்ன சொல்லி உங்களை மயக்கி வெச்சிருக்கா? இன்னிக்குச் சொல்லியே ஆகோணும்."

ராசாத்தாள் அடுப்பை அணைத்தாள். முந்தானையால் வாயைப் பொத்தி இருமி முடித்தாள்.

"மயக்கறதெல்லாம் இல்லீங்க அம்மணி. ஜன்னலைச் சாத்திப்போட்டு மூணு கேஸ் அடுப்பையும் பத்த வெச்சு ரெண்டு மணி நேரம் நின்னா, எனக்கு மூச்சு இழுக்குதுங்க. திரும்பியும் அடுப்பு முன்னால நிக்க வேண்டாம்னு அவங்க என்னைய வெளியில காத்தாட உக்கார வெச்சுப்போடறாங்க..."

மறுபடியும் இருமல்.

"பத்து நாளா அவங்க ஊட்டுச் சமையலை அவங்களேதானுங்க செஞ்சுக்கறாங்க."