காற்றோடு வந்த துரு

காப்பி இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்தான். விரலில் ஆரஞ்சுப் பொடி ஒட்டியது.

இந்தச் செடியிலும் துரு நோய் வந்துவிட்டது.

கோணிப்பையோடு பின்னால் வந்த மனைவி, அவன் கிள்ளிக் கொடுத்த இலைகளை வாங்கிப் பைக்குள் திணித்தாள். துரு கண்ட இலையைத் தரையில் போடக்கூடாது, நெருப்பில்தான் போட வேண்டும்.

காப்பிக் கொட்டைக்கு நல்ல விலை இருந்தவரை வருஷம் தவறாமல் மருந்து அடித்தார்கள். பிறகு கொட்டை விலை பாதாளத்துக்குப் போனது, மருந்து விலை ஆகாயத்துக்கு ஏறியது. பட்ட காலிலேதானே படும், நோயும் அப்போதுதான் வந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் தோட்டத்தைப் போட்டுவிட்டுப் பிழைக்கப் போனார்கள். இவர்கள் கையால் இலை கிள்ளினார்கள். கைக்கு எவனும் விலை ஏற்ற முடியாது என்று ஆரம்பத்தில் அவன் சிரித்ததுகூட உண்டு.

சுற்றிலும் எல்லாம் மொட்டையானபோது இவர்கள் தோட்டம் மட்டும் பச்சையாக நின்றது. கண் பட்டுவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வயிறு நிறையுமா? மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய தோட்டத்துக்கு அவன் கூலிக்குப் போனான். திரும்பியதும் முகம்கூடக் கழுவாமல் நேராகச் செடிகளிடம்தான் வருவான். பெற்ற பிள்ளைகள்கூட அப்புறம்தான்.

இவ்வளவு பார்த்தும் எங்கிருந்துதான் வருகிறது என்று இன்றைக்கும் கேட்டான். குரலில் கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

"காத்துல வருதுங்க. காத்தை யாரு கட்டிப் போட முடியும்?"

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தான்.

காற்றில் வந்திருந்தால் மேட்டுப்பக்கத்து ஓரச் செடிகளில்தான் முதலில் பிடித்திருக்கும். அங்கே ஓர் இலையிலும் புள்ளி இல்லை. வேலிக் கதவிலிருந்து வீடுவரை, அவன் நடந்து வருகிற இந்த வரிசையில் மட்டும்தான் துரு.

பெரிய தோட்டத்தில் அவனுக்கு, நோய் முற்றிய செடிகளை வெட்டித் தோளில் சுமக்கிற வேலை. அவன் சட்டையைத் துவைக்கிறவள் அவள். அலசுகிற தண்ணீரின் ஆரஞ்சு நிறம் அவளுக்குத் தெரியும்.

வேலிக் கதவருகே வாளித் தண்ணீரும் மாற்றுச் சட்டையும் வைத்துப் பார்த்தாள். இருட்டிவிடும் என்று அவற்றைத் தாண்டி ஓடி வந்தான். காரணத்தைச் சொன்னால் நின்றிருப்பான். அதோடு வேலையையும் நிறுத்தியிருப்பான். செடிக்காகப் பட்டினி கிடக்கிற ஆள் அவன். பிள்ளைகள் கிடக்குமா?



பையின் வாயைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கும் வேலை இருக்குதானே?"