கோடு விழுந்த தாள்

“அக்கா, ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

செவ்வாய்க்கிழமை அபிதா இப்படிக் கேட்டபோது கடையில் கரண்ட் இல்லை. ஜெராக்ஸ் மிஷின் இருட்டில் கிடந்தது. கைடு வைத்திருந்த தோழி, “ஏட்டி, என் பஸ்சு!” என்று அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். மறுநாள் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் நாற்பது பேரும் ஆங்கில வீட்டுப்பாடம் காட்ட வேண்டும்.

“தெரியாது” என்றாள் அவள்.

அந்தக் கடையில்தான் அவளுக்கு வேலை. எதிரே இருக்கும் அதே பள்ளியில், அதே ஒன்பதாம் வகுப்பில், பாதியில் நின்றவள்.

ஆனால் மேசைக்குக் கீழே அவளுடைய நோட்டு இருந்தது. வீணாய்ப் போன தாள்களைச் சேர்த்துத் தைத்த நோட்டு. அந்த மிஷின் எந்தத் தாளை விட்டாலும் இடது ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு இழுக்கும். முன்பக்கம் கோடும் கைடும். பின்பக்கம் அவள் கையெழுத்து.

இது ஐந்தாவது நோட்டு. யாருக்கும் தெரியாது.

அபிதாவுக்கு வேண்டிய கைடு பக்கம் அதில் இருந்தது. கிழித்துக் கொடுத்தாள்.

பின்பக்கத்தை மறந்துபோனாள்.

வீட்டுப்பாடத்தில் இருந்த ஆங்கிலப் பாட்டு சின்னதுதான். யாரோ ஒருவர் வீட்டு வாசலில் ஒருவன் மழைக்கு ஒதுங்கி நிற்கிறான். உள்ளே ஒரு குடும்பம் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடுகிறது. மழை நிற்கிறது. அவனுக்கு வருத்தமாகிவிடுகிறது.

ஏன்? அதுதான் கேள்வி.

கவிஞர் இயற்கையை மிகவும் நேசிக்கிறார் என்று கைடு ஏழு வரி எழுதியிருந்தது.

பின்பக்கத்தில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அவள் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்.

இனிமேல் அங்கே நிற்க அவனுக்கு ஒரு சாக்கும் இல்லை.

வியாழக்கிழமை அபிதா மூச்சிரைக்க வந்தாள்.

“அக்கா, நான் பின்னால இருந்ததத்தான் எழுதுனேன்.”

“ஏம்ட்டி?”

“அதுதான் சின்னதா இருந்துச்சு.”

அவள் மேசைக்குக் கீழே இருந்த நோட்டைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

“முப்பத்தொம்பது பேரு ஒரே மாதிரி எழுதியிருக்காளுவ. நான் மட்டும் வேற. டீச்சர் எந்திரிக்கச் சொல்லி, யாரு எழுதித் தந்தான்னு கேட்டாங்க. அந்தத் தாளையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. சத்தியமா ஒங்க பேரச் சொல்லலக்கா.”

பேர் எதற்கு? கோடு இருக்கிறதே.

ஜாஸ்மின் டீச்சர் ஜூனில்தான் அந்தப் பள்ளிக்கு வந்தார். அவளைவிட நாலைந்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான். பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, அட்டை வெளியே தெரியாதபடி மடக்கிப் பிடித்த ஒரு புத்தகத்தோடு கடைக்கு வருவார். பக்க எண்ணை மட்டும் மெதுவாகச் சொல்வார்.

அதே கைடு.

அவள் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. நோட்டில்கூட எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை. டீச்சர் சொட்டும் குடையோடு வந்தார். இன்றைக்குப் புத்தகம் இல்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

கறுப்புக் கோடு.

திருப்பினார். அவள் கையெழுத்து.

திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அந்த வரியை வகுப்பில் படித்துக் காட்டி எல்லாரும் சிரித்திருந்தால்?

“நாப்பது” என்றார் டீச்சர்.

அவள் தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்தாள். வெளிச்சம் ஓடியது.

அவளுடைய வரி சூடாக வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று. பின்னாலேயே இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு கோடு. பாதிக்கு மேல் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மிஷின் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

நாற்பதையும் தட்டி அடுக்கி, தன் பழைய தாளை மேலே வைத்துக் கொடுத்தாள்.

மழை நின்றுவிட்டது.

டீச்சர் போகவில்லை. தெருவைப் பார்த்தார். மேலே மின்விசிறியைப் பார்த்தார். டப்பாவில் இருந்த சிவப்புப் பேனா ஒன்றை எடுத்தார். பேனா வாங்குகிறவர்கள் எழுதிப் பார்ப்பது வழக்கம்தான். இவர் அந்தப் பழைய தாளில் கொஞ்ச நேரம் எழுதிப் பார்த்தார். மூடினார். பேனாவைத் திரும்ப டப்பாவிலேயே போட்டார்.

நாற்பதைப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

தாள் மேசைமேலேயே கிடந்தது.

“டீச்சர்! தாள விட்டுட்டீங்க!”

அவ்வளவு சத்தமாக அவள் இதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை. தாளை நீட்டியபடியே வாசலுக்கு ஓடினாள். ஓடும்போதுதான் அதைப் பார்த்தாள்.

கைடின் ஏழு வரிக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அதற்குக் கீழே அடுத்த பாட்டின் பெயர். அதன் கேள்வி. ‘திங்கட்கிழமைக்குள்.’

நிமிர்ந்தாள்.

டீச்சர் தெருவின் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, இல்லாத மழைக்குக் குடையை விரித்து, முகம் மறையும்படி தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.